‘இரண்டே நாளில் தஞ்சாவூர் ஓவியம்’: பணம் கட்டும் முன் படியுங்கள்

நவராத்திரி நெருங்கினாலே சென்னையில் தஞ்சாவூர் ஓவியப் பயிற்சி விளம்பரங்கள் வரிசையாக வர ஆரம்பித்துவிடும். ‘இரண்டே நாளில் முழு ஓவியம், அசல் 22 காரட் தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தாள்), முடித்ததும் சான்றிதழ்’ என்று கண்ணில் பட்டால் தயவுசெய்து உடனே பணம் அனுப்பிவிடாதீர்கள். போன வருடம் நான் அப்படி ஒரு பட்டறையில் 8,500 ரூபாய் கட்டினேன். வீட்டுக்கு வந்தது பித்தளைத் தாள் ஒட்டிய ஒரு படம். கற்றுக்கொண்டது அநேகமாக ஒன்றுமில்லை.

ஸ்டுடியோவின் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது, அது முடியட்டும். அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பது தெரிந்தாலே நீங்கள் எந்த ஊரிலும் இதை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

முதலில் இந்தக் கலை என்ன கேட்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர் ஓவியத்துக்குப் பலகைப் படம் என்றே ஒரு பெயர் உண்டு. அந்தக் காலத்தில் பலாப்பலகை, இப்போது ப்ளைவுட். பலகையில் துணியை ஒட்டி, சுண்ணாம்புப் பொடியும் பசையும் குழைத்து, ஒரு பூச்சு காய்ந்த பிறகு அடுத்த பூச்சு என்று ஏற்றி, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். அதன்மேல் கோட்டுருவம். பிறகு கற்களைப் பதித்து, நகை, மண்டபம், திரைச்சீலை ஆகிய இடங்களை மக்கால், அதாவது சுண்ணாம்புப் பொடியும் பசையும் குழைத்த கலவையால், மேடாக எழுப்ப வேண்டும். மக்கு நன்றாகக் காய்ந்த பின்தான் ரேக்கு ஒட்டுவது. கடைசியில் வண்ணம், எல்லாவற்றுக்கும் கடைசியில் முகமும் கண்ணும். ஒவ்வொரு கட்டமும் காய்வதற்கே நேரம் கேட்கும். மழைக்காலச் சென்னையில் மக்கு காய ஒரு முழு நாள்கூடப் போதாமல் போகும். இதனால்தான் முறையாகக் கற்றுத்தருபவர்கள் வாரம் ஒரு வகுப்பாக, சில மாதங்களுக்கு நீட்டி நடத்துகிறார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அங்குலப் படத்தை இரண்டே நாளில் எல்லாக் கட்டமும் கற்றுத்தந்து முடிப்போம் என்றால், ஏதோ ஒரு கட்டத்தை வேறு யாரோ ஏற்கெனவே செய்துவிட்டார்கள் அல்லது அது செய்யப்படவே போவதில்லை என்று பொருள்.

நான் போன இடத்தில் இரண்டுமே நடந்தது.

காலையில் போனபோது மேசையில் பலகைகள் தயாராக இருந்தன. கிருஷ்ணன் உருவம் அச்சடித்த மாதிரி எல்லாப் பலகையிலும் ஒன்றுபோல இருந்தது. “பேஸ் ரெடி பண்றதைக் காட்டமாட்டீங்களா?” என்று கேட்டேன். “டைம் இல்ல மேடம், வீடியோ அனுப்பறோம்” என்றார் ஒருங்கிணைப்பாளர். இன்றுவரை வீடியோ வரவில்லை. பலகை ப்ளைவுட் என்று பொருட்கள் பட்டியலில் போட்டிருந்தார்கள். ஓரத்தைப் பார்த்தால் அடுக்கே இல்லை, மர நாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். தண்ணீர்ப்பதம் பட்டால் ஊதிக்கொள்கிற பலகை அது. ஈரப்பசை வேலைக்கு அதைக் கொடுப்பதே தவறு.

‘பாரம்பரிய ஓவியக் குடும்பத்தில் வந்த கலைஞர் நேரடியாகக் கற்றுத்தருவார்’ என்பதுதான் விளம்பரத்தின் முதல் வரி. அவர் இரண்டாம் நாள் மாலை வந்தார். சான்றிதழ் கொடுத்தார், எங்களோடு படம் எடுத்துக்கொண்டார், போய்விட்டார். வகுப்பு முழுவதையும் நடத்தியது கல்லூரியில் படிக்கும் இரண்டு பெண்கள். பொறுமையான பிள்ளைகள், அவர்கள்மேல் எனக்குக் கோபமே இல்லை. ஆனால் மக்கின் பதம் என்ன, பசை எவ்வளவு, தூரிகையிலிருந்து எந்தக் கெட்டியில் இறங்க வேண்டும் என்று கேட்டால் அவர்களுக்கும் தெரியவில்லை. டப்பாவில் கலந்து வந்ததைக் கோனில் போட்டுக் கொடுத்தார்கள், மெகந்தி போடுவது போலப் பிழிந்தோம். காய்வதற்கு ஹேர் டிரையர். மேல்தோல் மட்டும் இறுகி உள்ளே ஈரம் அப்படியே நின்ற மக்கின்மேல் மத்தியானமே ரேக்கு ஒட்டச் சொன்னார்கள்.

எனக்கு மிகவும் வலித்தது முகம். நான் போனதே முகம் வரையக் கற்கத்தான். வட்ட முகம், காது வரை ஓடும் கண், அந்த இமைக்கோட்டை ஒரே இழுப்பில் இழுப்பது என்று ஆசையோடு காத்திருந்தேன். கடைசி ஒரு மணி நேரத்தில், “லேட் ஆகுது, நாங்களே போட்டுத் தர்றோம் ஆன்ட்டி” என்று அந்தப் பெண்களில் ஒருத்தி எல்லாப் பலகைகளையும் வரிசையாக வைத்துக்கொண்டு, எல்லா கிருஷ்ணனுக்கும் ஒரே கண்ணை வரைந்துகொண்டே போனாள். அந்தப் படங்கள்தான் மறுநாள் அவர்கள் பக்கத்தில் ‘எங்கள் மாணவர்களின் கைவண்ணம்’ என்று வெளியாயின. அடுத்த பேட்சுக்குப் பணம் வாங்க அதுவே விளம்பரம்.

இனி தங்கம். பயிற்சிக் கட்டணம் 6,500. ‘அசல் 22 காரட் ரேக்கு’ வேண்டுமென்றால் தனியாக 2,000. அதைக் கட்டினேன். சாமி படம், பூஜையறைக்கு வரப்போவது, பேரன் பேத்தி காலம் வரை இருக்கட்டும் என்றுதான். மூன்று நான்கு மாதத்தில் கிரீடத்தின் ஓரம் கருக்க ஆரம்பித்தது. பிறகு மக்கு வெடித்த இடங்களிலெல்லாம் பச்சைப் பச்சையாகத் திட்டு. ஸ்டுடியோவில் கேட்டால், “உங்க வீட்ல ஈரம் அதிகமா இருக்கும், விளக்குப் புகை பட்டிருக்கும்” என்றார்கள்.

தங்கத்துக்கு ஈரம் ஒன்றும் செய்யாது. எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பழைய தஞ்சாவூர் ஓவியங்களைப் பாருங்கள். வண்ணம் மங்கியிருக்கும், மக்கில் கீறல் இருக்கும், தங்கம் மட்டும் தங்கமாகவே இருக்கும். பச்சை பூப்பது செம்பின் குணம். போலி ரேக்கு என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த பித்தளைத் தாள். அடியில் ஈர மக்கும் பசையும் சேர்ந்தால் சீக்கிரமே வேலையைக் காட்டிவிடும்.

வெட்டி மிஞ்சிய துண்டுகளை ஒரு கவரில் போட்டு வைத்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டு எங்களுக்கு வழக்கமாக நகை செய்துகொடுக்கும் ஆசாரியின் பட்டறைக்குப் போனேன். கையில் வாங்கியதும், “ஏம்மா, இதைத் தங்கம்னா சொன்னாங்க?” என்றார். கண்ணாடித் தட்டில் ஒரு துண்டை வைத்து ஒரு சொட்டுத் திராவகம் விட்டார். சட்டென்று நுரைத்தது, பச்சை நீராக ஓடியது, தாள் இருந்த இடமே தெரியவில்லை. பக்கத்தில் தன் பெட்டியிலிருந்து 22 காரட் கம்பித் துணுக்கு ஒன்றை வைத்து அதன்மேலும் ஒரு சொட்டு விட்டார். அது அப்படியே கிடந்தது. இரண்டையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டேன். நீங்கள் வீட்டில் செய்து பார்க்காதீர்கள், அது நைட்ரிக் அமிலம். தெரிந்த ஆசாரியிடம் கொடுங்கள், ஒரு நிமிட வேலை.

படங்களை அனுப்பியதும் பேச்சு மாறியது. “நாங்க கோல்டு ஃபாயில்னுதான் சொன்னோம், கோல்டுன்னு சொல்லல” என்றார் ஒருங்கிணைப்பாளர். அவர்களே வாட்ஸ்அப் குழுவில் ‘22 காரட், 2,000 தனி’ என்று போட்ட செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினேன். அதற்குப் பதில் இல்லை, குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். பொருள் கட்டணம் திரும்பக் கிடைக்காது என்று ஒரு வரி மட்டும் பிற்பாடு வந்தது.

சான்றிதழைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் ‘அரசு அங்கீகாரம் பெற்ற நிறுவனம்’ என்று அச்சிட்டு உத்யம் எண் போட்டிருக்கிறார்கள். உத்யம் என்பது சிறுதொழில் செய்கிற யாரும் இணையத்தில் இலவசமாக, தாங்களே விவரம் கொடுத்துச் செய்துகொள்கிற பதிவு. பாடத்திட்டத்தையோ ஆசிரியரையோ யாரும் வந்து சோதிப்பதில்லை. மூலையில் ‘புவிசார் குறியீடு’ என்றும் இருக்கிறது. தஞ்சாவூர் ஓவியத்துக்கு 2007-08இல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மை. அது தஞ்சாவூர்ப் பகுதியில் உருவாகும் ஓவியத்துக்கான பாதுகாப்பு. சென்னையில் இரண்டு நாள் வகுப்புக்கு வந்தவருக்குக் கொடுக்கிற காகிதத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இந்தச் சான்றிதழை நம்பி, வீட்டிலேயே வகுப்பு எடுத்துச் சம்பாதிக்கலாம் என்று வந்திருந்த இளம்பெண்களை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

குறுகிய பட்டறை என்றாலே மோசம் என்று நான் சொல்லவில்லை. கையகலப் பலகையைத் தயாராகக் கொடுத்து, ‘இன்று ரேக்கு ஒட்டுவதை மட்டும் பழகுவோம், இது போலி ரேக்கு, பழகுவதற்கு இது போதும்’ என்று முதலிலேயே சொல்லி நடத்துகிற ஓவியர்கள் இருக்கிறார்கள். அதில் ஒரு ஏமாற்றும் இல்லை. பழகும் கைக்குப் போலி ரேக்குதான் நல்லதும்கூட.

ஆகவே கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். எந்தெந்தக் கட்டத்தை நான் என் கையால் செய்வேன், எது தயாராக வரும்? வகுப்பில் நாள் முழுக்க நிற்கப்போவது யார்? ரேக்கு எங்கே வாங்கியது, காரட் குறிப்பிட்டு பில் தருவீர்களா? பில் என்றதுமே குரல் மாறினால் அங்கேயே நின்றுவிடுங்கள். போன வருடம் அங்கே கற்றவர்களின் படம் இப்போது எப்படி இருக்கிறது என்று ஒருவரையாவது கேட்டுப் பாருங்கள். முடித்த அன்று எடுத்த புகைப்படத்தில் பித்தளையும் மின்னும்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் சும்மா விடாதீர்கள். நான் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். ஸ்டுடியோ பதிலே தரவில்லை. பிறகு பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், அதை மட்டும் கவனியுங்கள்.

போன நவராத்திரிக்கு முன் தென்சென்னையில் இதே மாதிரி வகுப்புக்குப் போய், கிருஷ்ணன் படம் இப்போது பச்சை பூத்து வீட்டில் இருப்பவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். படத்தைச் சுத்தம் செய்யவோ வார்னிஷ் பூசவோ வேண்டாம். மிஞ்சிய ரேக்குத் துண்டு, பணம் கட்டிய ரசீது, அந்த வாட்ஸ்அப் செய்தி மூன்றையும் பத்திரமாக வையுங்கள். ஆணையத்தில் அடுத்த வாய்தாவுக்கு முன் இன்னும் இரண்டு பேராவது புகாரோடு வந்தால் நன்றாக இருக்கும்.