பச்சை வெள்ளைப் பட்டை ஜெர்சி: கீழக்கரைக் கடையில் 18 செட் தைத்த அனுபவம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும் அந்த 61 நாட்களில்தான் எங்கள் கடற்கரையில் கால்பந்து மும்முரமாக நடக்கும்; மற்ற மாதங்களில் பாதி அணி கடலில் இருக்கும். இந்த முறை எங்கள் அணிக்குக் கீழக்கரையில் உள்ள ஒரு சிறிய ஜெர்சிக் கடையில் 18 செட் தைத்து வாங்கினோம். நிறையோடு குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை.

பையன்கள் கேட்டது அர்ஜென்டினா ஜெர்சி. இந்தக் கரையில் ஒரு போட்டிக்கு எட்டு அணிகள் வந்தால் அதில் குறைந்தது மூன்று அர்ஜென்டினா ஜெர்சியில் இருக்கும் என்பதால், கணக்கு வழக்குப் பார்க்கும் உரிமையில் நான் மறுத்துவிட்டேன். இங்கிலாந்தின் பிளைத் ஸ்பார்ட்டன்ஸ் சங்கத்தின் பச்சை வெள்ளை நெடும்பட்டை ஜெர்சிப் படத்தைக் கைப்பேசியில் காட்டியபோது, கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உற்றுப் பார்த்தார். "இது எந்த டீம் சார்? டிவியில பார்த்ததே இல்லையே" என்றார். பார்த்திருக்க வழியில்லை என்பதால் சொல்லத் தொடங்கினேன்.

பிளைத் என்பது இங்கிலாந்தின் வடகிழக்கே, நார்தம்பர்லாந்து கரையில் நிலக்கரி ஏற்றுமதியால் வாழ்ந்த சிறு துறைமுக ஊர். அங்கே 1899இல் தொடங்கிய சங்கத்துக்கு, ஆட்டக்காரர்கள் உயிரைக் கொடுத்து ஆடட்டும் என்ற எண்ணத்தில், பண்டைய கிரேக்கத்தின் ஸ்பார்ட்டா வீரர்களை நினைத்து அந்தப் பெயரை வைத்தவர் பிரெட் ஸ்டோக்கர். 1909 முதல் கிராஃப்ட் பார்க் மைதானம்தான் அவர்களுக்கு வீடு. பிரீமியர் லீக்கின் 20 அணிகளும் அதற்குக் கீழுள்ள மூன்று பிரிவுகளின் 72 அணிகளும் சேர்ந்த 92க்கு வெளியே நிற்பவர்களை அங்கே 'நான்-லீக்' என்பார்கள். இவர்களில் பலர் பகலில் ஒரு வேலையைப் பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருபவர்கள். 1987 வரை, தங்கள் போட்டியில் முதலிடம் பிடித்த நான்-லீக் அணிகூட, லீக் சங்கங்கள் வாக்களித்துச் சேர்த்துக்கொண்டால்தான் மேலே போக முடியும். இது எனக்கு இன்றுவரை நியாயமாகப் படவில்லை.

அப்படிப்பட்ட ஒரு சங்கம், இங்கிலாந்தின் பெரிய அணிகளும் சிறிய அணிகளும் சேர்ந்து மோதும் எஃப்.ஏ. கோப்பையில் 1977-78இல் தகுதிச் சுற்றிலிருந்து புறப்பட்டு, பர்ஸ்கோ, செஸ்டர்ஃபீல்டு, என்ஃபீல்டு ஆகிய மூன்று அணிகளையும் அடுத்தடுத்து 1-0 என்று வென்று, பிப்ரவரி 6 அன்று ஸ்டோக் சிட்டியை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என்று வீழ்த்தி ஐந்தாம் சுற்றுக்குப் போய்விட்டது. ஐந்தாம் சுற்றில் எதிரணி ரெக்ஸம். அவர்கள் மைதானத்தில் நடந்த அந்த ஆட்டத்தில் பிளைத்தின் டெர்ரி ஜான்சன் அடித்த கோலால் முன்னிலை பெற்று, ஆட்டம் முடியும் தறுவாய்வரை அதைக் காத்தும் விட்டார்கள். அப்போது ரெக்ஸமுக்கு ஒரு கார்னர், அதாவது மூலைக் கொடியருகிலிருந்து அடிக்கும் உதை, கிடைத்தது. அது பயனின்றிப் போனது. ஆனால் உறைந்து கிடந்த தரையில் ஊன்றிய கொடிக்கம்பு சாய்ந்துவிட்டதால் நடுவர் மறுபடி அடிக்கச் சொன்னார். மறுபடி அடித்த கார்னரில் டிக்ஸி மெக்நீல் கோல் போட, ஆட்டம் 1-1 என்று முடிந்தது. நியூகாசிலின் செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் பிப்ரவரி 27 அன்று நடந்த மறு ஆட்டத்துக்கு 42,167 பேர் திரண்டார்கள். பிளைத் 2-1 என்று தோற்றது.

கடைக்காரர் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டிருந்தார். "கொடி விழலேன்னா?" என்று கேட்டார். காலிறுதியில் ஆர்சனல் எதிரில் நின்றிருக்கும் என்றேன். ஆர்சனல் அவருக்குத் தெரியும். "அட, போச்சே!" என்று, அந்தத் தோல்வி நேற்று நடந்ததுபோல வருந்தினார். எங்கள் திடலில் கார்னர் கொடிக்குப் பனை மட்டை ஊன்றுவது வழக்கம். கச்சான் காற்றில் அது ஆட்டத்துக்கு நாலு தடவையாவது மணலில் சாயும் என்பது அவருக்கும் தெரிந்ததே.

இனி ஜெர்சி. பச்சை என்று பொதுவாகச் சொன்னதை அவர் ஏற்கவில்லை. துணித்துண்டுகள் தைத்த அட்டையை எடுத்து வைத்து, கிளிப்பச்சையா, பாசிப்பச்சையா, மாவிலைப் பச்சையா என்று ஒவ்வொன்றாகத் தெருவெளிச்சத்தில் காட்டி, நாங்கள் தொட்டுக் காட்டிய பிறகே எழுதிக்கொண்டார். அச்சு திருப்பூரில் போடப்பட்டது. வெட்டியதும் தைத்ததும் இங்கே. தோள் தையலில் முன்பக்கப் பட்டையும் பின்பக்கப் பட்டையும் ஒரு நூல் பிசகாமல் சேர்கின்றன. பட்டை ஜெர்சியில் இதுதான் சோதனை. இதற்கு முன் வேறு ஊரில் தைத்தபோது வெள்ளையின் தலையில் பச்சை வந்து உட்கார்ந்திருந்தது. சாயம் துணியிலேயே ஏறியிருப்பதால், எங்கள் கிணற்று உப்புத் தண்ணீரில் பத்துப் பதினைந்து முறை துவைத்தும் வெளுக்கவில்லை. கால்சட்டையோடு ஒரு செட் 480 ரூபாய் ஆனது. இந்த வேலைக்கு அது அதிகமில்லை.

குறைகள் நான்கு. முதுகு எண் பட்டைகளின் மேலேயே கறுப்பில் அச்சாகியிருப்பதால், இருபதடி தள்ளி நின்றால் 6க்கும் 8க்கும் வேறுபாடு தெரிவதில்லை. முதல் ஆட்டத்திலேயே நடுவர் செய்யாதவனுக்கு மஞ்சள் அட்டை காட்டிவிட்டார். எண்ணுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கட்டம் விட்டிருக்கலாம் என்று கடைக்காரரே ஒப்புக்கொண்டார். அடுத்து, மார்பில் ஒட்டிய சின்னம். பிளைத் சங்கத்தின் சின்னத்தை எடுப்பது முறையல்ல என்பதால் எங்களுக்கென்று ஒரு வள்ளத்தை வரைந்து கொடுத்திருந்தோம். அது சூட்டில் ஒட்டியது என்பதால் மூன்றாவது துவைப்பிலேயே ஓரம் பிரியத் தொடங்கியது. கேட்டதும் காசு வாங்காமல் சுற்றித் தைத்துக் கொடுத்தார். பத்து நாள் என்று சொன்ன வேலை பதினான்காம் நாள்தான் கைக்கு வந்தது என்பதையும், இவர் கணக்கில் எல் என்றால் மற்ற கடைகளின் எம் அளவு என்பதையும் கொடுக்கும்போதே நினைவில் வைக்க வேண்டும்.

கோல்கீப்பருக்குத் தனியாக இரண்டு ஜெர்சி சொல்லியிருக்கிறோம். பட்டை இல்லாத மஞ்சள். எண்ணுக்குக் கட்டம் விட்டு, சின்னத்தை முதலிலேயே தைத்துத் தருவதாகச் சொல்லி, முன்பணம் 200 ரூபாய் வாங்கியிருக்கிறார்.