புக்மார்க்லெட்: ஆறு ஆண்டுகள் பயன்படுத்திய அனுபவம்

மெய்ப்புத் திருத்துவது என் தொழில் என்பதால், திரையில் தேர்ந்தெடுத்த பகுதியில் எத்தனை சொற்கள் உள்ளன என்று நாள்தோறும் பலமுறை பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்காக ஆறு ஆண்டுகளுக்கு முன் நானே எழுதிய புக்மார்க்லெட்டை இன்றும் பயன்படுத்தி வருகிறேன்.

இணைய முகவரி இருக்க வேண்டிய இடத்தில், 'ஜாவாஸ்கிரிப்ட்' (வலைப்பக்கங்களில் இயங்கும் நிரல்மொழி) என்ற சொல், ஒரு முக்காற்புள்ளி, அதையடுத்து ஒரு சிறு நிரல் என்று வைத்திருக்கும் புத்தகக்குறியே புக்மார்க்லெட். நிரல் முழுவதையும் ஒரு ஃபங்ஷனுக்குள், அதாவது ஒரே அலகாக இயங்கும் நிரல்தொகுதிக்குள், அடைத்துவிட வேண்டும். இல்லையேல் அது கடைசியில் தரும் மதிப்பு எழுத்துச் சரமாக (உரையாக) இருந்தால், பக்கமே மறைந்து அந்த மதிப்பு மட்டும் திரையில் நிற்கும். இரட்டைச் சாய்கோடிட்டு நிரலின் இடையே எழுதும், கணினி பொருட்படுத்தாத விளக்கக் குறிப்புகளையும் தவிர்க்க வேண்டும். ஒட்டும்போது வரிகள் ஒன்றாகிவிட்டால், அக்குறிக்குப் பின்னுள்ள நிரல் அனைத்தும் வெறும் குறிப்பாகிவிடும்.

தமிழுக்கு இது எளிதில் அமையவில்லை. ஜாவாஸ்கிரிப்டில் சொல்லெழுத்தைக் குறிக்கும் வழக்கமான சுருக்கக் குறி ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும் மட்டுமே அறியும் என்பதால், என் முதல் முயற்சி எந்தத் தமிழ்ப் பத்திக்கும் சுழியத்தையே விடையாகக் காட்டியது. இடைவெளிகளைக் கொண்டு பிரித்த பிறகே கணக்கு சரியானது. எழுத்தெண்ணிக்கை இன்னும் சிக்கலானது: இகரக் குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால், 'தமிழ்' என்ற மூன்றெழுத்துச் சொல்லின் நீளம் 5 என்று வரும். உரையை முழு எழுத்துகளாகப் பிரித்து இதைத் தீர்க்கும் 'செக்மென்டர்' என்ற ஜாவாஸ்கிரிப்ட் வசதி குரோமில் முன்பே இருந்தாலும், ஃபயர்பாக்ஸில் 2024இல் வந்த 125ஆம் பதிப்பில்தான் கிடைத்தது.

பாதுகாப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சொடுக்கும் கணத்தில் புக்மார்க்லெட் அந்தப் பக்கத்தின் முழு உரிமையோடு இயங்குகிறது. நான் உள்நுழைந்திருக்கும் பக்கம் என்றால், அதிலுள்ள அனைத்தையும் அதனால் படிக்க முடியும். என் பெயரில் படிவங்களையும் அனுப்ப முடியும். ஏமாற்றுவோர் தரும் நிரலை மக்கள் முகவரிப் பட்டையில் ஒட்டிவிடக் கூடாது என்பதற்காக, குரோமும் ஃபயர்பாக்ஸும் அங்கே ஒட்டும்போது 'ஜாவாஸ்கிரிப்ட்' முன்னொட்டை நீக்கிவிடுகின்றன. புத்தகக்குறியைத் திருத்தும் பெட்டியில் அந்தத் தடை இல்லை.

எழுத்துருவைப் பெரிதாக்க முன்பு வேறொருவரின் புக்மார்க்லெட்டைச் சேர்த்திருந்தேன். அது ஒரே வரிதான். ஆனால் உண்மையான நிரலை ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து தருவித்துக்கொண்டிருந்தது. ஓராண்டு கழித்து, நான் படிக்கும் பக்கங்களில் விளம்பரப் பட்டை தோன்றியபோதுதான் அந்த நிரல் மாற்றப்பட்டிருப்பது தெரிந்தது. அன்றுமுதல், முழுவதும் படித்துப் புரிந்துகொள்ள முடியாத எதையும், வெளியிலிருந்து நிரலைத் தருவிக்கும் எதையும் நான் சேர்ப்பதில்லை.

ஆயினும், எல்லாத் தளங்களிலும் எந்நேரமும் அனுமதி கேட்கும் உலாவி நீட்சிகளைவிட (உலாவியில் நிறுவும் கூடுதல் செயலிகள்), நான் சொடுக்கினால் மட்டுமே இயங்கும் இதையே விரும்புகிறேன். எந்த நிரல் இயங்கலாம் என்று தளமே வகுக்கும் பாதுகாப்புக் கொள்கை கடுமையான சில தளங்களில், குறிப்பாக ஃபயர்பாக்ஸில், புக்மார்க்லெட் எந்த அறிவிப்புமின்றி இயங்காமல் போனதுண்டு. வங்கிப் பணிகளுக்கு மட்டும் புத்தகக்குறி எதுவும் இல்லாத தனிச் சுயவிவரம் ஒன்றை உலாவியில் வைத்திருக்கிறேன்.