உயர்த்திய பழைய ஜீப்புக்கு பவர் ஸ்டேரிங் போடுமுன் இதை வாசியுங்கள்

என்னிடம் இருப்பது டொயோட்டா லேண்ட் குரூசர் பிஜே40. அப்பா வாங்கியது. லிந்துலையில் எங்கள் டிவிஷனுக்கு ஏறும் தோட்டத்துப் பாதையில் அடைமழை நாளில் வேறு வாகனம் வராது. பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்கு ஆள் கொண்டுபோனதும், கரட் மூட்டை இறக்கியதும் இந்த வண்டியில்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன் இதை உயர்த்தி, 33 அங்குல டயர் போட்டேன். அதன்பிறகு ஸ்டேரிங் கல்லாகிவிட்டது. இந்த மொடலில் ஸ்டேரிங் பெட்டியிலிருந்து சென்டர் ஆர்ம் என்ற ஒரு துண்டு வழியாகத்தான் விசை சக்கரத்துக்குப் போகும். என் வண்டியில் அதன் புஷ் தேய்ந்து, ஸ்டேரிங்கில் நாலு விரல் அளவுக்கு ப்ளே, அதாவது சக்கரம் திரும்பாமல் சும்மா ஆடும் இடைவெளி, இருந்தது. கண்டிப் பக்கம் ஒரு கராஜில், லேண்ட் குரூசர் 60 சீரிஸ் வண்டியின் பவர் ஸ்டேரிங் பெட்டியை மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். 60 சீரிஸ் பெட்டி நல்ல தெரிவுதான், பலர் அதைத்தான் போடுகிறார்கள். 3 இலட்சத்து 75 ஆயிரம் ரூபாய் பேசி, பாதிக்கு மேல் அட்வான்ஸ் வாங்கினார்கள். பற்றுச்சீட்டு கேட்டேன். ஒரு அட்டையின் பின்பக்கம் தொகையை மட்டும் எழுதித் தந்தார்கள், பெயரும் இல்லை, கையெழுத்தும் இல்லை. அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

வண்டியை எடுத்துக்கொண்டு கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக மேலே வந்தேன். ஒரு விரலால் திருப்பலாம் போல இருந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போனேன், அவ்வளவு சந்தோஷம்.

மூன்றாவது வாரம் தங்கச்சியையும் அவள் பிள்ளையையும் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். லபுக்கலை தாண்டி இறம்பொடைக்கு இறங்கும் வளைவுகளை அந்தப் பாதையில் போனவர்களுக்குத் தெரியும். 45 கிலோமீற்றர் வேகம்கூட இல்லை. முன் இடது சக்கரம் ஒரு குழியின் ஓரத்தில் விழுந்து எழும்பியது. அப்புறம் முன்பக்கம் முழுவதும் இடமும் வலமுமாக உதறத் தொடங்கியது. ஸ்டேரிங் கையிலேயே நிற்கவில்லை. பிள்ளை கத்துகிறது, ஒரு பக்கம் பள்ளம். பிரேக்கை மெதுவாக மிதித்து, மலைப்பக்கக் கானில் சாத்தி நிறுத்தினேன். அவர்களை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, முதல் கியரில் ஊர்ந்து திரும்பி வந்தேன். அப்படி ஓட்டி வந்ததும் பிழைதான். உடனே கட்டி இழுத்திருக்க வேண்டும். அடியில் என்ன இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் கொட்டகலையில் ஒரு வயதான மெக்கானிக் பாஸிடம் காட்டினேன். அவர் சாமான் எதையும் எடுக்கவில்லை. என்னை உள்ளே உட்கார வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டேரிங்கை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் ஆட்டச் சொல்லிவிட்டு அடியில் படுத்தார். கொஞ்ச நேரத்தில், "தம்பி, நீங்க இறங்கி வந்து பாருங்க. பொடியனை ஆட்டச் சொல்லுவோம்" என்றார்.

பார்த்தேன். சக்கரம் திரும்புமுன் பெட்டிதான் அசைந்தது. பெட்டியைப் பிடித்த போல்ட்டுகள் வண்டியின் அடிச்சட்டமான செசியைக் குறுக்கே துளைத்துப் போகின்றன. செசி உள்ளே வெறும் குழாய் மாதிரி என்பதால், துளைக்குள் இரும்புக் குழாய்த் துண்டு வைத்து வெல்ட் பண்ணித்தான் போல்ட்டை முறுக்க வேண்டும். இவர்கள் வைக்கவில்லை. முறுக்க முறுக்க செசியின் தகடு உள்ளே குழிந்து, ஒரு போல்ட்டின் ஓரத்தில் மயிரிழை மாதிரி வெடிப்பு, அதிலிருந்து துருநீர் வடிந்த கோடு.

பிறகு டிராக் லிங்க், பெட்டியின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு. கறுப்புப் பெயின்ட் புதிதாக மினுங்கியது. பாஸ் எமரித் தாளால் நடுவில் தேய்த்தார். பெயின்டுக்குக் கீழே பட்டி, பட்டிக்குக் கீழே ஒரு வெல்டிங் வளையம். இரண்டு குழாய்களை முட்டவைத்து ஒட்டியிருக்கிறார்கள், உள்ளே தாங்கு குழாய்கூட இல்லை. பெட்டியிலிருந்து அந்தத் தண்டைத் தள்ளும் பிட்மன் ஆர்மைத் தேய்த்தால் நீலமும் ஊதாவுமாக நிறம். நெருப்பில் காய்ச்சி வளைத்தது! அடித்து உருவாக்கி, பதப்படுத்திப் பலம் ஏற்றிய இரும்பை அப்படிக் காய்ச்சினால் அந்தப் பலம் போய்விடும்.

கையால் திருப்பும் ஸ்டேரிங்கில், டயர் கல்லில் முட்டினால் கைக்குத் தெரியும், நிறுத்திவிடுவோம். பவர் ஸ்டேரிங்கில் பம்ப் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தப் பாரம் முழுவதும் இந்த ஒட்டுக் குழாயிலும் வெடித்த செசியிலும்தான் இறங்கியிருக்கிறது.

உதறலுக்குக் காரணம் வேறு. என் வண்டி போன்ற 40 சீரிஸில், முன் வில்லை (ஸ்பிரிங் பட்டையை) செசியோடு சேர்க்கும் ஷக்கிள் என்ற ஆடும் இணைப்பு வில்லின் முன்முனையில் இருக்கிறது. என்னிடம் கேட்காமலேயே அங்கே நீளமான ஷக்கிள் மாட்டியிருந்தார்கள். வில்லின் முன்முனை கீழே போனால் அச்சு முன்பக்கமாகச் சாய்ந்து, காஸ்டர் கோணம், அதாவது சக்கரம் திரும்பும் சுழற்கோடு பின்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு, குறையும். சக்கரம் தானாக நேருக்குத் திரும்பாது, வண்டி அலையும். வில்லுக்கும் அச்சுக்கும் இடையில் இரும்பு ஆப்பு வைத்து அதைச் சரிசெய்ய வேண்டும். இவர்கள் செய்தது, ஆட்டத்தை அமுக்கும் ஸ்டேரிங் டேம்பர் ஒன்றைப் புதிதாகப் பூட்டியது மட்டும். அது உதறலைக் கொஞ்ச நாள் மறைத்தது. இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் தண்டின் மூட்டுகளான டை ரொட் என்டுகளும் பழையவை, ரப்பர் மட்டும் புதிது.

கராஜுக்குப் போன் எடுத்தேன். "தோட்டத்து ரோட்டில் ஓட்டினால் எதுதான் நிற்கும்?" என்றார்கள். அந்த ரோட்டில் ஓடத்தான் இந்த வண்டியையே செய்தார்கள்! அதன்பிறகு போனை எடுக்கவே இல்லை. நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறைப்பாடு சொல்லலாம். ஆனால் காட்ட என் கையில் பற்றுச்சீட்டு இல்லை.

இப்படி வேலை செய்யக் கொடுப்பவர்கள், செசியில் துளை போட்ட அன்றே போய்ப் பாருங்கள். பெயின்ட் அடிக்குமுன் டிராக் லிங்கைக் கையில் வாங்கிப் பாருங்கள். காஸ்டர் எத்தனை பாகை என்று அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். மீதிப் பணத்தை அதுவரை கொடுக்காதீர்கள்.

இப்போது செசியை வெட்டித் தகடு போட்டு, குழாய் வைத்து, பாஸ் திருத்திக்கொண்டிருக்கிறார். புது டிராக் லிங்க் ஒரே துண்டு. பழையது என்னிடம்தான் இருக்கிறது. ஒட்டின இடத்தில் பாதி வரை வெடித்துப்போய். தலவாக்கலைப் பக்கம் வருகிறவர்கள் சொல்லுங்கள், எடுத்துக் காட்டுகிறேன்.