280 வெள்ளிக்கு வாங்கிய ‘எஃகு’ கோர்செட்

நேற்று ராத்திரி, தங்கையின் கல்யாண வரவேற்பில், மேடைக்குப் பக்கத்தில் என் முதுகில் ‘டப்’ என்று ஒரு சத்தம். இடுப்பை இறுக்கிக் கட்டும் கோர்செட் சட்டையில், நாடா கோர்க்கும் கண்ணி துணியோடு பிய்ந்துவிட்டது. 280 வெள்ளி! வாங்க நினைப்பவர்கள் எதையெல்லாம் பார்க்கணும் என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

படம் போட்டு விற்கும் ஒரு சின்ன ஆன்லைன் கடை. லெஹங்காவுக்கு ரவிக்கை வேண்டாம், கோர்செட்தான் என்று எனக்கு ஓர் ஆசை. விலையைப் பார்த்துத் தயங்கினேன். உடனே கடை நடத்தும் பெண்ணிடமிருந்து தமிழில் ஒரு குரல் பதிவு: “அக்கா, உள்ளே முழுக்க எஃகுப் பட்டைதான். இடுப்பளவை மட்டும் சொல்லுங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்.” நம்ம பிள்ளை, வாய் நிறைய அக்கா என்கிறாள். சிங்கப்பூர் தேக்காவில் சாப்பாட்டு வரிசையில் நின்றபடியே, கைபேசியில் பணம் அனுப்பும் பேநவில் 280 வெள்ளியை அனுப்பினேன்.

அந்த ‘மட்டும்’ எனக்கு உறைத்திருக்க வேண்டும். விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் அளவு கேட்காமல் கோர்செட் எப்படிப் பொருந்தும்? என் இடுப்பு 32 அங்குலம், வந்ததும் 32. நாடாவால் இழுத்துக் கட்டும் கோர்செட் என்றால் இடுப்பைவிடச் சுமார் 4 அங்குலம் குறைவாக எடுக்கணுமாம், இப்போதுதான் தெரிகிறது. இதுவோ இடுப்பில் பின்பக்க ஓரங்கள் இரண்டும் முட்டிக்கொண்டன, மேலே விலாவிடம் இடைவெளி விரிந்து மூச்சைப் பிடித்தது. கேட்டதற்கு, “போடப் போடப் படியும் அக்கா.”

எஃகு படியும், சரி. இன்று காலை குளிர்பெட்டியில் இருந்த காந்தத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒட்டவே இல்லை. தையலைப் பிரித்தால் உள்ளே கேபிள் டை மாதிரி பிளாஸ்டிக் பட்டைகள், உடம்புச் சூட்டில் இடுப்பு மடிப்பிலேயே வளைந்து கிடந்தன. நெருக்கமாக நெய்த பருத்தி உள்துணி இல்லை, இழுப்பைத் தாங்க இடுப்பைச் சுற்றி வைக்கும் நாடா இல்லை. வெறும் பாலியஸ்டர் சாட்டின். கண்ணிகளுக்குப் பின்பக்க வளையம்கூட இல்லை, பிய்யாமல் என்ன செய்யும்?

படம் எடுத்து அனுப்பினேன். “சலுகை விலை, திருப்ப முடியாது.” சலுகையா, 280 வெள்ளியா? அப்புறம் “இழுத்துக் கட்டியிருப்பீங்க.” இழுத்துக் கட்டத்தானே கோர்செட்! அப்புறம் “தம்பிதான் கணக்கு பார்க்கறான், கேட்டுச் சொல்றேன்.” மதியத்துக்குள் என்னைத் தடை செய்துவிட்டாள்.

சிறு கோரல் நடுவர் மன்றத்துக்குப் போகலாம், 20,000 வெள்ளி வரை கேட்கலாம். ஆனால் யார்மீது? என்னிடம் இருப்பது ஒரு கைபேசி எண்ணும் பேநவில் தெரிந்த ஒரு பெயரும்தான்.

ஆலோசனை என்று சொன்னேன் இல்லையா, இப்போதைக்கு இவ்வளவுதான்: உள்பக்கப் படம் கேளுங்கள். காந்தம் வைத்து வீடியோ கேளுங்கள். ஓர் அளவு மட்டும் கேட்கிறவரிடம் வாங்காதீர்கள். முழுப் பணத்தை முன்கூட்டியே அனுப்பாதீர்கள்.

தோழியின் போனில் இப்போது பார்த்தேன். அதே படம், அதே ‘முழுக்க எஃகு’. விலை மட்டும் 240.