தரங்கம்பாடி ஒருநாள் டூர்: முன்பணம் போடும் முன் படியுங்கள்

தரங்கம்பாடிக்கு யாராவது "எல்லாம் சேர்த்து ஒரே ரேட்டு" என்று சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். போன மாதம் அப்பா, அம்மா, தங்கையோடு போய் மாட்டிக்கொண்டவன் சொல்கிறேன்.

மயிலாடுதுறையில் ஒரு கல்யாணம். மறுநாள் சும்மா இருக்க வேண்டாமே என்று, மண்டப வாசலில் யாரோ நீட்டிய விசிட்டிங் கார்டைப் பார்த்து போன் செய்தேன். கார், கைடு, கோட்டை டிக்கெட், படகு சவாரி, மதியச் சாப்பாடு, கடைசியில் பூம்புகார், எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய். முன்பணம் 3,000 ஜிபேயில் அனுப்பினேன். ரசீது கேட்டதற்கு, "ஸ்க்ரீன்ஷாட் இருக்கே சார், அதுதான் ரசீது" என்றார்கள். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எட்டு மணிக்கு வர வேண்டிய கார் பத்தேகாலுக்கு வந்தது. வழியில் திருக்கடையூர். அம்மாவுக்குச் சந்தோஷம்தான். ஆனால் டிரைவர் வண்டியை நிறுத்தியது கோயில் வாசலில் இல்லை, ஒரு பூஜைச் சாமான் கடை முன்னால். "ஐயாவுக்கு அறுபது முடிஞ்சிருக்குமே? ஐயர் நம்ம ஆளுதான்." அப்பாவுக்கு அறுபத்து மூன்று என்றதும், "அப்ப ஒரு ஆயுஷ் ஹோமம் பண்ணிடலாம்" என்று மாற்றிக்கொண்டார். அங்கிருந்து கழன்று வர ஒரு மணி நேரம் ஆனது.

தரங்கம்பாடி போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். கைடு ஆரம்பித்தார்: "இது வெள்ளைக்காரன் கட்டுன கோட்டை. கீழ ஒரு சுரங்கப்பாதை, நேரா தஞ்சாவூர் அரண்மனைக்குப் போகும்." நம் ஊரில் சுரங்கப்பாதை இல்லாத கோட்டை ஏது! தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டியதாயிற்றே, ஆங்கிலேயருக்கு 1845-இல்தானே விற்றார்கள் என்றேன். "டேனிஷ்காரனும் வெள்ளையாத்தான சார் இருப்பான்" என்றார். கோபத்தை மீறிச் சிரிப்பு வந்துவிட்டது.

சிரிப்பு அதோடு சரி. கோட்டைக்கு "ஸ்பெஷல் பாஸ்" என்று தலைக்கு 200 கேட்டார். அப்பா பேசாமல் கவுன்டருக்குப் போய் நான்கு டிக்கெட் வாங்கி வந்தார். நான்குக்கும் சேர்த்துக்கூட 200 ஆகவில்லை. படகு? கடல் சரியில்லையாம். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம் தங்கை கேட்டாள். "மீன் பிடிக்கிற படகும்மா, இதுல யாரு சவாரி ஏத்துறா?" என்றார் அவர். சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது.

எனக்கு ஆறாதது வேறு. அப்பா முப்பது வருஷம் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டராக இருந்தவர். 1706-இல் இங்கே வந்திறங்கி, தமிழில் பைபிளின் புதிய ஏற்பாட்டை அச்சடித்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவின் ஊரைப் பார்க்கத்தான் அவர் கிளம்பினார். ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகாமல், இங்கேயே சின்ன எழுத்து வார்த்த கதையைக் காரில் வரும்போதே எங்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். சீகன்பால்குவின் கல்லறை, அவர் கட்டி 1718-இல் திறந்த புதிய எருசலேம் ஆலயத்தில் இருக்கிறது. கோட்டையிலிருந்து கூப்பிடு தூரம். "டைம் இல்ல சார்" என்று எங்களை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். பூம்புகாரும் கிடையாது. "அங்க என்ன இருக்கு, எல்லாம் கடலுக்குள்ள போயிடுச்சு!"

மீதி 3,500 கேட்டு லாட்ஜ் வாசலில் ஒரே சத்தம். அம்மா பயந்துபோனதால் 2,000 கொடுத்து அனுப்பினேன். கொடுத்திருக்கக் கூடாது.

இந்த ஊருக்கு காரும் வேண்டாம், கைடும் வேண்டாம். காரைக்கால், நாகப்பட்டினம் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி மெயின் ரோட்டில் இறங்குங்கள். கிழக்கே நடந்தால் டேனிஷ்காரர்களின் பழைய நுழைவாயில் வரும். அதற்குள் புகுந்தால் 1701-இல் கட்டிய சீயோன் ஆலயம், எருசலேம் ஆலயம், கோட்டை, கடல் பாதியைத் தின்றுவிட்ட மாசிலாமணிநாதர் கோயில், எல்லாமே நடக்கிற தூரம்தான். காலையிலேயே போய்விடுங்கள், வெயில் பொல்லாதது. அப்படியும் கார்தான் வேண்டுமென்றால் பார்க்கும் இடங்களை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள், முன்பணம் ஐந்நூறுக்கு மேல் போடாதீர்கள்.

பொங்கல் லீவில் அப்பாவும் நானும் மறுபடி போகிறோம், பஸ்ஸில்.