நரைமுடிக் கள்ளிகள் மூன்று: இவற்றில் மலைவாசி எது?

கள்ளி விற்பவரிடம் 'ஓல்ட் மேன் கேக்டஸ்' என்று கேட்டால் மூன்று செடிகளில் எது வேண்டுமானாலும் கைக்கு வரலாம்: ஓரியோசீரியஸ் செல்சியானஸ், எஸ்போஸ்டோவா லனாட்டா, செபலோசீரியஸ் செனிலிஸ். மூன்றும் தூண்போல நிமிர்ந்து வளரும். உடம்பெல்லாம் நரைமுடி. சின்னத் தொட்டியில் பார்த்தால் கூடப் பிறந்தவை மாதிரியே இருக்கும். ஆனால் பிறந்த ஊர் வேறு, குணமும் வேறு.

செனிலிஸ் மெக்சிகோவைச் சேர்ந்தது. ஹிடால்கோ மாநிலத்தில் மெட்ஸ்டிட்லான் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புச் சரிவுகள்தான் அதன் பேர்போன இருப்பிடம். அங்கே கிளையில்லாமல் 10 மீட்டரையும் தாண்டி நிற்கும். மூன்றில் நீளமான சடை இதற்குத்தான். முள்ளே முடியாக மாறிய சடை அது. அழகில் முதலிடம் கொடுக்கலாம், ஆனால் இயற்கையில் அருகிவரும் இனம். வாங்கினால் விதையிலிருந்து வளர்த்ததா என்று கேட்டு வாங்குவதுதான் நியாயம்.

எஸ்போஸ்டோவா ஆண்டிஸ் மலைக்காரன்தான், ஆனால் அடிவார ரகம். வட பெருவிலும் தென் எக்குவடோரிலும் வெயில் காயும் பள்ளத்தாக்குகளில் வளரும். இதன் பஞ்சைத் தலையணைக்குள் அடைத்திருக்கிறார்கள். வயதான தண்டின் ஒரு பக்கத்தில் கம்பளி அடர்ந்து, அதற்குள்ளிருந்து இரவில் பூ விரியும். இதன் உறவினமான எஸ்போஸ்டோவா ஃப்ரூட்டெசென்ஸை எக்குவடோரில் ஆராய்ந்தவர்கள் கண்டது சுவாரசியமானது. பூவைச் சுற்றியிருக்கும் கம்பளி, தேன் தேடி வரும் வௌவால் எழுப்பும் மீயொலியை (நம் காதுக்கு எட்டாத ஒலி) உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் பூவிலிருந்து வரும் எதிரொலி மட்டும் தனியாகத் தெரிகிறது. முடிக்கு இப்படியும் ஒரு வேலை!

சரி, செல்சியானஸுக்கு வருவோம். ஓரியோசீரியஸ் என்ற பேரிலேயே மலை இருக்கிறது. 'ஓரோஸ்' என்றால் கிரேக்கத்தில் மலை. பொலிவியா, தென் பெரு, வட அர்ஜென்டினா ஆகிய பகுதிகளில் கடல் மட்டத்துக்கு மேல் 3,000 மீட்டரை ஒட்டியும் அதற்கு மேலும் வாழ்கிறது. அங்கே பகலில் தோலைச் சுடும் வெயில், இரவில் உறைபனி. பகலில் குடையாகவும் இரவில் போர்வையாகவும் இருப்பது அந்த முடிதான். அதை விலக்கிப் பார்த்தால் தடித்த மஞ்சள், செம்பழுப்பு முட்கள் குத்தக் காத்திருக்கும். அடையாளம் காண எனக்குத் தெரிந்த எளிய வழி இதுதான். மற்ற இரண்டிலும் முள் இவ்வளவு முரட்டுத்தனமாக முடிக்கு வெளியே துருத்தாது. உயரம் ஆளுயரமோ இன்னும் கொஞ்சமோதான். அடியிலிருந்தே கிளைத்துக் கூட்டமாக நிற்கும்.

பூவிலும் இது தனி வழி. மற்ற இரண்டும் இரவில் பூக்க, இது பகலில் குழாய் வடிவத்தில், மங்கிய ரோஜா நிறத்தில் பூக்கிறது. தேடி வருவது ஹம்மிங்பேர்டுகளிலேயே பெரியதான பட்டகோனா. குளிர் நடுக்கும் இரவில் வௌவாலை நம்பி உட்கார்ந்திருப்பதைவிட இது புத்திசாலித்தனம்தானே.

வளர்க்க எது? மண் காய்ந்திருந்தால் செல்சியானஸ் பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் தாங்கும். குளிர்காலத்தில் வேர் நனைந்தால் மட்டும் அழுகிவிடும். இரவும் புழுங்கும் ஊர் என்றால் என் ஓட்டு எஸ்போஸ்டோவாவுக்கு. கள்ளிகள் இரவில்தான் தண்டின் நுண்துளைகளைத் திறந்து மூச்சுவிடும். குளிர்ந்த இரவுக்குப் பழகிய மலைச்செடிக்குப் புழுக்கம் ஒத்துவராது. செனிலிஸுக்குப் பொறுமை வேண்டும், பூவைப் பார்க்கப் பல ஆண்டுகள் ஆகும். எதை வளர்த்தாலும் தலையில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், முடி அழுக்கேறிச் சிக்காகிவிடும்.

முடிதான் முக்கியம், ஆனால் மலைச்செடியாகவும் இருக்க வேண்டும் என்பவர்கள் செல்சியானஸின் தம்பியான ஓரியோசீரியஸ் ட்ரோல்லியைத் தேடலாம். முழங்கால் உயரம்தான். ஆனால் பஞ்சுப் பொதி மாதிரி இருக்கும், தண்டின் பச்சையே கண்ணில் படாது.