பீரியட் பேன்ட்டி: அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு ஒத்துவருமா?

நாப்கின் ஒட்டத் தெரியாத, ஒட்டிவிட்டாலும் பிய்த்து எறிந்துவிடுகிற பெண் பிள்ளைகளுக்குப் பீரியட் பேன்ட்டி, அதாவது மாதவிடாய் ரத்தத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும், துவைத்துத் திரும்பப் போடும் ஜட்டி, நல்ல மாற்று. தாளை உரிப்பது, இறக்கையை மடக்குவது, இடம் பார்த்துப் பதிப்பது எதுவும் இல்லை. ஜட்டி போடத் தெரிந்தால் போதும். பிளாஸ்டிக் சரசரப்பும் இல்லை, பசை முடியைப் பிடித்து இழுப்பதும் இல்லை. தொட்டாலே கூசுகிற பிள்ளைகள் இதைச் சீக்கிரம் ஏற்றுக்கொள்வார்கள்.

பொதுவாக உள்ளே மூன்று அடுக்கு: ஈரத்தை உள்ளே இழுக்கும் துணி, உறிஞ்சும் துணி, கசிவு தடுக்கும் பூச்சுத் துணி. உறையில் ஐஎஸ் 17514 (2021-ல் வந்த இந்தியத் தரநிலை) இருக்கிறதா என்று பாருங்கள். புதுத் துணி சரியாக உறிஞ்சாது என்பதால் ஒருமுறை துவைத்து உலர்த்தியபின் இரண்டு டீஸ்பூன் (10 மில்லி) தண்ணீரை நடுவில் ஊற்றுங்கள். அடிப்புறம் கசிந்தாலோ தண்ணீர் மேலேயே தேங்கினாலோ அந்த வகை வேண்டாம்.

கறை தெரியாது என்று பெருமையாக விற்கும் கறுப்பு நிறம்தான் இந்தப் பிள்ளைகளுக்கு முதல் இடைஞ்சல். சிவப்பு கண்ணில் பட்டால்தானே மாற்றத் தோன்றும்? உட்புறம் வெளிர்நிறத்தில் இருப்பதைத் தேடி வாங்குங்கள். அப்படியும் 'நிறைந்ததும் மாற்று' என்று சொன்னால் பலருக்குப் புரியாது. காலை குளியல், மதியச் சாப்பாடு, மாலை, படுக்கைக்கு முன் என்று அன்றாட வேலையோடு சேர்த்துவிடுங்கள். பகலில் 4 முதல் 6 மணி நேர இடைவெளி வந்துவிடும். முன்பின் மாறாதிருக்க, பின்பக்க இடுப்புப் பட்டையில் சிவப்பு நூலால் ஒரு தையல் போடுங்கள். முதல் மாதவிடாய்க்கு முன்பே சாதாரண நாட்களில் போட்டுப் பழக்கினால் பாதி வேலை முடிந்தது.

பெரிய குறை பள்ளிக் கழிப்பறையில் தெரியும். நாப்கினை நின்றபடியே மாற்றலாம். இதற்கோ பேன்ட்டை முழுக்கக் கழற்ற வேண்டும். ஈரத் தரையில் ஒற்றைக்காலில் தடுமாறும் பிள்ளைக்கு அது ஆபத்து. பக்கவாட்டுக் கொக்கி வைத்த வகை இருக்கிறது. சக்கர நாற்காலியில் இருப்பவருக்குப் பிறர் மாற்றிவிட அது மிக வசதி, ஆனால் விரல் நுணுக்கம் குறைந்த பிள்ளை தானே மாட்ட முடியாது. அப்படியானால் பள்ளியில் நாப்கின், வீட்டிலும் இரவிலும் பேன்ட்டி என்று பிரித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியென்றால் புதுயுகம் திட்ட நாப்கின் இலவசமாகவே கிடைக்கும்.

அளவில் கஞ்சத்தனமோ தாராளமோ வேண்டாம். தொடையோரம் இடைவெளி விழும் அளவுக்குத் தளர்ந்தால் அங்கேதான் கசியும். எலாஸ்டிக் தடம் பதிந்தால் பிள்ளை கழற்றி வீசிவிடும்.

குறைந்தது ஐந்து பேன்ட்டி இருந்தால் சமாளிக்கலாம். மழைக்காலத்தில் காய இரண்டு நாள்கூட ஆகும். குளிர்ந்த நீரில் சிவப்பு போகும்வரை அலசிய பிறகே சோப்பு. வெந்நீரில் கறை இறுகிவிடும், கம்ஃபோர்ட் மாதிரித் துணியை மென்மையாக்கும் திரவங்கள் உறிஞ்சும் திறனைக் கெடுக்கும், இஸ்திரி பட்டால் அடிப்பூச்சு உரியும். உட்புறத்தை வெளியே திருப்பி வெயிலில் போடுங்கள். துவைத்து நன்கு காய்ந்த பிறகும் வாடை நின்றால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.